அட்டையில் ஒரு பெயர், டம்ளரில் வேறொன்று

என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது ஒரு சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கு வந்தது. காலையிலிருந்து ஐந்து முறை போய்விட்டாள். உதடு காய்ந்து, கண் குழிவிழத் தொடங்கியிருந்தது. தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடி, போக்கில் இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு, குளுக்கோஸ் கரைசலான ஓஆர்எஸ் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் குளிர்பெட்டியைத் திறந்து, உறிஞ்சுகுழல் ஒட்டிய சிறிய அட்டைப்பெட்டி இரண்டை எடுத்து வைத்தார். மேலே ஆப்பிள் படம். பெயரிலேயே ஓஆர்எஸ் என்ற எழுத்துகள் கொட்டையாக இருந்தன. மகள் விரும்பிக் குடித்தாள். போக்கு நிற்கவில்லை, மாலைக்குள் அதிகமாகிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் அந்தக் காலி அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது ஜூஸ் அம்மா. இதைக் கொடுத்தால் இன்னும்தான் போகும்" என்றவர், வெள்ளைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னார்.

மருந்து என்று நம்பி நான் என் கையால் புகட்டியது பழச்சுவை போட்ட இனிப்புத் தண்ணீர். அந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. வீட்டில் அன்றாடம் என்ன குடிக்கிறோம் என்று நான் கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான்.

ஓஆர்எஸ் கரைசலில் இனிப்பு இருக்கத்தானே செய்கிறது, பிறகு ஜூஸில் என்ன தவறு என்று கேட்கலாம். அளவில்தான் எல்லாம் இருக்கிறது. நம் குடல் சுவரில் உப்பில் உள்ள சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே நுழையும் ஒரு வழி உண்டு. இரண்டும் சரியான விகிதத்தில் வந்தால் உள்ளே போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம். குளுக்கோஸ் அவ்வளவுதான், லிட்டருக்கு மூன்று ஸ்பூன் அளவு. இனிப்பு இதைப்போல் பல மடங்கு ஆனால் வேலை தலைகீழாகிவிடும். உறிஞ்சப்படாத இனிப்பு குடலிலேயே தங்கி, உடம்பில் இருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். போக்கு கூடும்.

இந்த எளிய கரைசலின் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. 1971இல் வங்கதேசப் போரின்போது பங்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து, பீப்பாய்களில் வைத்து, குழந்தைகளின் பெற்றோரே புகட்டும்படி செய்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அந்தக் கரைசலின் பெயரைத்தான் நம் ஊர்ப் பழச்சுவைப் பானங்கள் இரவல் வாங்கிக்கொண்டன.

இந்தப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போடக்கூடாது என்று ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022 ஏப்ரலில் தடை போட்டது. அதே ஆண்டு ஜூலையில், இது உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் அல்ல என்ற எச்சரிக்கை வரியோடு பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தியது. 2025 அக்டோபரில்தான் அந்தத் தளர்வையும் திரும்பப் பெற்றது. மூன்று ஆண்டுகளுக்கு மேல், பெரிய எழுத்தில் ஒரு பெயரும் சிறிய எழுத்தில் அதற்கு மறுப்புமாக அந்த அட்டைகள் கடைகளில் இருந்தன. குழந்தை துவண்டு கிடக்கும்போது சிறிய எழுத்தை எந்தத் தாய் படிப்பாள்?

மருந்தின் பெயரிலேயே இது நடந்தது என்றால் சத்தின் பெயரிலும் பழத்தின் பெயரிலும் பாரம்பரியத்தின் பெயரிலும் நடக்காதா? நடக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன் என் வீட்டுச் சீனி டப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

சீனி டப்பாவில் எழுதிய தேதி

எங்கள் மதுரைப் பக்கம் சீனி என்றால் வெள்ளைச் சீனி, சர்க்கரை என்றால் நாட்டுச்சர்க்கரை. இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன். ஒரு கிலோ சீனியைப் பிரித்து டப்பாவில் கொட்டிய அன்று, மூடியின்மேல் தேதியை எழுதி வைத்தேன். வீட்டில் நான்கு பேர்: மாமனார், கணவர், நான், மகள். அந்த நாட்களில் பாயசமோ கேசரியோ செய்யவில்லை. காபி, டீ, மகளின் பால், அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் டப்பாவின் அடி தெரிந்தது. 1,000 கிராமை ஒன்பது நாளுக்கும் நான்கு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 28 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவர் சேர்க்கும் இனிப்பை 50 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். 25 கிராமுக்குள் குறைத்தால் இன்னும் நல்லது. 25 கிராம் என்பது ஐந்தாறு ஸ்பூன். சீனி மட்டும் அல்லாமல் வெல்லம், தேன், பழச்சாற்றில் உள்ள இனிப்பு எல்லாம் இதில் சேரும். முழுப்பழத்தில் இருப்பதும் வெறும் பாலில் இருப்பதும் சேராது. எங்கள் வீட்டில் அடுப்படி டம்ளர்களே அந்த 25ஐத் தாண்டிவிட்டன. பிஸ்கெட், கடையில் வாங்கிய பண்டம், கணவர் வெளியில் குடிக்கும் டீ, மகளின் பாலில் கலந்த மாவுக்குள் இருக்கும் இனிப்பு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

வீட்டுக்கு ஆரோக்கியமான பானம் எது என்று பேச்சு வந்தாலே எல்லோரும் பாட்டில் குளிர்பானத்தைத்தான் திட்டுகிறார்கள். திட்ட வேண்டியதுதான்: 300 மில்லி கோலாவில் சுமார் 32 கிராம் சீனி, ஆறேழு ஸ்பூன். ஆனால் அது எங்கள் வீட்டுக்கு மாதத்துக்கு ஒருமுறைகூட வருவதில்லை. விளக்குத்தூண் பக்கம் போனால் குடிக்கும் ஜிகர்தண்டாவும் அப்படித்தான், எப்போதாவது வருகிற மகிழ்ச்சி. காலை ஆறு மணிக்கும் பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் யாரும் கவனிக்காமல் வருகிற அரை டம்ளர்தான் வருடம் 365 நாளும் வருகிறது.

டீக்கடையிலும் இதே கணக்குதான். சின்னக் கண்ணாடி டம்ளரில் மாஸ்டர் இரண்டு ஸ்பூன் போட்டுத்தான் ஆற்றுகிறார். சொன்னால் குறைப்பார், சொல்லாவிட்டால் குறைக்க மாட்டார். என் கணவர் ஒரு மாதம் 'சீனி கம்மி' என்று சொல்லிப் பழகினார். பிறகு பழைய அளவில் ஒரு நாள் வந்தபோது பாதியிலேயே வைத்துவிட்டார். நாக்கு அவ்வளவு சீக்கிரம் மாறும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. நான் வீட்டில் வாரத்துக்குக் கால் ஸ்பூனாகக் குறைத்தேன். ஒரேயடியாக நிறுத்தியிருந்தால் இரண்டாம் நாளே வீட்டில் சண்டை வந்திருக்கும்.

சத்தின் பெயரில்

நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடிப் பையும் இருக்கும். இது நம் ஊரில் மூன்று தலைமுறைப் பழக்கம். ஹார்லிக்ஸ் 1873இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இரு சகோதரர்கள் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு. முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் வழியாக இங்கே வந்தது. பால் தட்டுப்பாடான காலத்தில், தண்ணீரில் கரைத்தாலும் வயிறு நிறைகிற ஒரு மாவுக்கு மதிப்பு இருந்ததில் வியப்பில்லை.

இந்த மாவுகளின் அடிப்படை மால்ட். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்துவது. முளைவிடும்போது தானியத்தில் நொதிகள் உண்டாகி, மாவுச்சத்தை மால்டோஸ் என்ற இனிப்பாக உடைக்கின்றன. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்துத் திரித்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சும் நம் பாட்டிமார் செய்ததும் இதுவேதான். வேறுபாடு, அதன் பிறகு கலப்பதில் இருக்கிறது.

போர்ன்விட்டா விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்பவர் அதன் சீனி அளவைப் பற்றி வெளியிட்ட வீடியோ பரவியது. நிறுவனம் சட்ட நோட்டீஸ் அனுப்பியது, அவர் வீடியோவை நீக்கினார். ஆனால் விஷயம் அதோடு போகவில்லை. தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தது. அதே ஆண்டு இறுதியில் 100 கிராம் மாவில் 37.4 கிராமாக இருந்த சேர்க்கப்பட்ட சீனி 32.2 கிராமாகக் குறைந்தது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணைய விற்பனைத் தளங்களில் இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுக்கச் சொன்னது. காரணம் எளிது: 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே இல்லை. அதே மாதம் ஹார்லிக்ஸும் தன் பிரிவின் பெயரை மாற்றிக்கொண்டது. இத்தனை வருடம் நாம் கடையில் கேட்டு வாங்கிய ஒரு வகைக்குச் சட்டத்தில் இடமே இருந்ததில்லை.

குறைத்த பிறகும் கணக்கு இதுதான். 20 கிராம் மாவு கலந்தால் அதில் ஆறு கிராமுக்குமேல் சீனி, ஒன்றரை ஸ்பூன் அளவு. புரதம் ஒன்றரை கிராம்கூட வராது. அதைக் கலக்கும் 200 மில்லி பாலில் புரதம் மட்டும் ஆறு கிராமுக்குமேல் இருக்கிறது. அதாவது விளம்பரத்தில் குழந்தை உயரமாக வளர்வது பெரும்பாலும் பாலால்தான். அந்த டம்ளரில் மேற்கொண்டு ஒரு ஸ்பூன் சீனி போடுகிற வீடுகளும் உண்டு. எங்கள் வீடும் அதில் ஒன்றாக இருந்தது.

டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கும்போது இரண்டு இடங்களைப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிக எடையோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களுக்குள் சீனி இருந்தால் அது இனிப்புப் பண்டம். அடுத்து, சத்து அட்டவணையில் 'சேர்க்கப்பட்ட சீனி' என்ற வரி. அதை ஐந்தால் வகுத்தால் ஸ்பூன் கணக்கு வந்துவிடும். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பொருள் அந்தச் சீனி வரியில் வராது. மாவுச்சத்திலிருந்து எடுக்கிற பொடி அது. நாக்கில் அவ்வளவாக இனிக்காது, ரத்தத்தில் மட்டும் குளுக்கோஸாக மிக வேகமாக ஏறும். 'சீனி சேர்க்கவில்லை' என்று முன்பக்கம் போட்ட டப்பாவிலும் பின்பக்கம் இது முதல் இடத்தில் இருக்கலாம்.

என் மகளுக்கு மாவை நிறுத்தியது இப்படித்தான்: இரண்டு ஸ்பூன் ஒன்றரையாகி, ஒன்றாகி, பிறகு ஏலக்காய் தட்டிப்போட்ட வெறும் பாலாகிவிட்டது. காலையில் வாரம் மூன்று நாள் கேழ்வரகுக் கூழ், மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தோடு. கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் உண்டு, தானியங்களில் அதற்கு ஈடு இல்லை. கடையில் விற்கும் சத்துமாவுப் பொட்டலங்களையும் திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சிலவற்றில் தானியங்களின் பெயர் இருபது இருக்கும், நடுவில் சீனியும் இருக்கும்.

பழத்தின் பெயரில் வருவதை விரைவாகவே சொல்லிவிடலாம். 'பழப் பானம்' என்று விற்க நம் விதிகளின்படி பத்து சதவீதம் பழம் இருந்தால் போதும், எலுமிச்சை என்றால் ஐந்து. மீதி தண்ணீரும் சீனியும். அடர்சாற்றில் தண்ணீர் கலந்து மீட்டெடுத்த சாற்றை '100 சதவீதப் பழச்சாறு' என்று எழுதக்கூடாது என்று 2024 ஜூனில் உத்தரவு வந்தது. இதற்கிடையே 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறி, கோலா போன்றவற்றுக்கு 40 சதவீதமும் வாயு அடைக்காத பழப் பானங்களுக்கு 5 சதவீதமும் ஆகிவிட்டது. விலையைப் பார்த்து எது நல்லது என்று முடிவு செய்கிறவர்களுக்கு இது தவறான வழியைக் காட்டும். மாம்பழப் பானங்களின் சீனி கோலாவுக்குச் சளைத்ததில்லை, அட்டையைத் திருப்பினால் தெரியும். வீட்டில் பிழிந்தாலும் ஒரு டம்ளருக்கு மூன்று நான்கு சாத்துக்குடி வேண்டும். நான்கு பழத்தை உட்கார்ந்து உரித்துத் தின்ன யாராலும் முடியாது, குடிக்க முடியும். நார் சக்கையோடு போய்விடுகிறது, இனிப்பு டம்ளரில் இருக்கிறது. பழத்தைச் சுளையாகக் கொடுங்கள்.

நம்முடையது என்பதால்

சொல்லத் தயங்கிய இடம் இதுதான். நான் மதிக்கிற மனிதர்கள் பலர் இதில் மனம் கோணுவார்கள்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தது. அதைத் தொடர்ந்து மார்ச் 1 முதல் பெப்சியும் கோக்கும் விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தன. கடைகளில் அவை இருந்த இடத்துக்குப் பவண்டோ வந்தது. அது 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் சரக்கு. நம் ஊர்க்காரர் ஒருவரின் நூற்றாண்டு உழைப்பு. அதை நான் பெருமையாகவே நினைக்கிறேன். நிலத்தடி நீர், உள்ளூர்த் தொழில் என்று அந்தப் புறக்கணிப்புக்குச் சொன்ன காரணங்களிலும் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் அந்த மாதத்தில் எங்கள் உறவுக்காரர் வீடுகளில் பவண்டோ இரண்டு லிட்டர் பாட்டிலாக வந்து இறங்கியது. உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லிக் குழந்தைகளுக்கு ஊற்றினார்கள். கணையத்துக்குச் சுதேசிச் சீனி, விதேசிச் சீனி என்ற வேறுபாடு தெரியாது.

கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் அப்படியே. நான்குவழிச் சாலை நெடுக இன்று கருப்பட்டிக் காபிக் கடைகள். பனையேறிகளின் வாழ்வுக்கு அதனால் நாலு காசு போகிறது என்றால் நல்லது. மணமும் சுவையும் தனி, மறுப்பதற்கில்லை. ஆனால் கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ். வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே பொருள். இரும்பும் பிற தாதுக்களும் கொஞ்சம் உண்டு, ஒரு ஸ்பூனில் வருகிற அளவு மிகச் சிறியது. என் மாமனாருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். வெள்ளைச் சீனியைத் தொட மாட்டார். அதில் அவ்வளவு கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டோடு தினம் மூன்று கருப்பட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தார். ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஏறிக்கொண்டே போனது, மாத்திரையும் கூடியது. மருத்துவர் ஒருநாள் "அப்பா, என்னென்ன குடிக்கிறீர்கள், காலையிலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள்" என்று பொறுமையாகக் கேட்ட பிறகுதான் கருப்பட்டி வெளியே வந்தது. "அது இயற்கைதானே டாக்டர்" என்றார் மாமனார். அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவரை யாரும் ஏமாற்றவில்லை. எல்லோரும் சொன்னதைத்தான் அவரும் நம்பினார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் சராசரி 11.4. இப்படி ஒரு மாநிலத்தில் 'இயற்கை இனிப்பு' என்ற சொல்லை நிதானமாகத்தான் கையாள வேண்டும். கரும்புச்சாறு, பதநீர், பானகம் மூன்றும் ருசியானவை, நம்முடையவை, இனிப்பு மிகுந்தவை. திருவிழாவுக்கும் கோடை நாளொன்றுக்கும் உரியவை. தினத்துக்கு உரியவை வேறு.

அந்த வேறு எது என்பதும் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. என் மாமியார் இருந்தவரை பித்தளைச் சட்டியில் மோர் கடைவார். ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர். மத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே சுழற்றுவார். வெண்ணெய் திரண்டு மேலே வந்ததும் வழித்து எடுத்துவிடுவார். கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போடுவார், கத்தி படக்கூடாது. இஞ்சி கொஞ்சம், பெருங்காயம் நகக்கண் அளவு, உப்பு நாக்கில் தெரிந்தும் தெரியாமலும். இப்போது நான் மிக்ஸியில் அடிக்கிறேன். வெண்ணெய் அவ்வளவு திரள்வதில்லை, மற்றபடி அதே மோர்தான். தாகமும் தீரும், கொஞ்சம் புரதமும் கால்சியமும் சேரும், சீனி இல்லை. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு மோர் ஒத்துக்கொள்ளும், பாலின் இனிப்பில் ஒரு பகுதியைப் புளிப்பு நுண்ணுயிர்கள் முன்பே தின்றுவிடுவதால். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்பில்லாமல் தனியாக எடுத்து வைக்க வேண்டும். கடையில் விற்கும் மோர்ப் பாக்கெட்டில் உப்பு நம் கைக்கு அதிகமாகவே இருக்கிறது.

இளநீரும் நல்லதுதான், விலை இடம் கொடுத்தால். பொட்டாசியம் அதில் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது. சோடியம் குறைவு என்பதால் வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலத்துக்கு அது மாற்று ஆகாது.

டிபனுக்குப் பின் ஒரு காபி

இனிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இன்னொன்று விடுபட்டுப்போகும். பெண்கள் இருக்கும் வீடுகளில் அதற்கு நான் இன்னும் அதிக இடம் கொடுப்பேன்.

நம் வீடுகளில் டிபன் முடிந்ததும் காபி அல்லது டீ. இட்லி கடைசி வாயில் இருக்கும்போதே டம்ளர் வந்துவிடும். தேயிலையிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள், கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் இருக்கிற இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாமல் செய்கின்றன. இறைச்சியில் இருக்கும் இரும்பை அவ்வளவு பாதிக்காது, தாவர உணவின் இரும்பைத்தான் அதிகம் தடுக்கும். நாம் பெரும்பாலும் நம்பியிருப்பது அதைத்தான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். காரணங்கள் பல, டீ மட்டும் அல்ல. ஆனால் டீயின் நேரத்தை மாற்ற ஒரு பைசா செலவில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறது.

என் அம்மா இரும்புச்சத்து மாத்திரையை இரண்டு வருடம் டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தார். வெறும் தண்ணீரில் குமட்டுகிறது, டீ என்றால் இறங்குகிறது என்பார். மாத்திரைப் பட்டையில் யாரும் அதை எழுதியிருக்கவில்லை, கொடுத்தவரும் சொல்லவில்லை. இப்போது சீனி போடாத எலுமிச்சைச் சாற்றில் சிட்டிகை உப்பைப் போட்டு அதோடு விழுங்குகிறார். எலுமிச்சையின் வைட்டமின் சி இரும்பு சேர்வதற்கு உதவும், குமட்டலும் அடங்குகிறது. வளரும் பெண் பிள்ளைக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கும் சாப்பாட்டோடு டீ கொடுக்கிற வீடு எதுவாக இருந்தாலும், அதை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது.

காபியை விடச் சொல்லவில்லை. பில்டரில் இறங்கிய முதல் டிகாக்ஷன் மணம் இல்லாமல் எனக்கு விடிவதே இல்லை. அதே வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கஃபீன் வரை எல்லை வைக்கிறது. 150 மில்லி டிகாக்ஷன் காபியில் 80 முதல் 120, டீயில் 30 முதல் 65. ஆக இரண்டு காபி, ஒரு டீ என்பது பெரும்பாலும் உள்ளே வரும். பதின்வயதுப் பிள்ளைகள் வாங்கும் எனர்ஜி டிரிங்க் கேன்களின் நிலைமை வேறு. அவற்றில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்று கேனிலேயே எழுதியிருக்கிறது, அதைப் படித்துக்காட்டினாலே போதும். சீனிக்குப் பதில் செயற்கை இனிப்பு போட்ட டயட் பானங்களையும் எடை குறைக்கும் வழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. எனக்கு அதில் இன்னொரு குறையும் தெரிகிறது. நாக்கு அந்த இனிப்பிலேயே நிற்கும், கீழே இறங்காது.

இத்தனைக்கும் நடுவில் தண்ணீர் இருக்கிறது. எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பது கூடியதற்கு ஒரே காரணம் ஒரு மண்பானை. முன்பு குடம் அடுப்படி மூலையில் இருந்தது. பானையைக் கூடத்தில், மகள் பள்ளியிலிருந்து வந்து பையை இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மணலைப் பரப்பி வைத்தோம். உள்ளே ஒரு பிடி வெட்டிவேர், மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றி வெயிலில் காயவைப்பது. பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருப்பது குளிர்கிறது. வந்ததும் குளிர்பெட்டியைத் திறக்கிற மகள் இப்போது பானையிலிருந்து மொள்கிறாள். மாமனாருக்கு அவர் நாற்காலிக்குக் கை எட்டும் தூரத்தில் செம்பு. வயதானவர்களுக்குத் தாக உணர்வே குறைந்துவிடும், கேட்கும்வரை காத்திருந்தால் கேட்கவே மாட்டார்கள். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ நீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் என்றால் மருத்துவர் சொன்ன அளவில் மட்டும்.

இதில் கடினமானது விருந்தாளி வரும்போதுதான். நம் ஊரில் சீனி குறைந்த காபி கொடுப்பது மனம் இல்லாமல் கொடுப்பது போல. "சீனி விலையா ஏறிவிட்டது?" என்று என் பெரியப்பா ஒருமுறை கேட்டேவிட்டார். நெஞ்சில் தைத்தது. அதற்குப் பிறகு நாங்கள் காபியில் சீனி போடாமல், தட்டில் சிறிய கிண்ணத்தில் சீனியும் ஸ்பூனும் தனியாக வைத்துக் கொடுக்கத் தொடங்கினோம். போன தைப்பொங்கலுக்கு ஆறு பேர் வந்தார்கள். பெரியப்பா அரை ஸ்பூன் போட்டுக் கலக்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்து, இன்னொரு அரை ஸ்பூன் எடுத்துக்கொண்டார். சித்தியும் அவர் மருமகளும் கிண்ணத்தைத் தொடவில்லை. டப்பா மூடியில் கடைசியாக எழுதியிருக்கும் தேதிக்கு இன்று இருபத்து மூன்றாம் நாள், இன்னும் கால்வாசி இருக்கிறது.